கை நீண்ட இடம்

இன்று கடையில் சலவைத்தூள் அடுக்கின் முன் நின்றபோது, எதையும் படித்துப் பார்க்காமலே என் கை ஒரு நீல நிற உறையை நோக்கி நீண்டது.

அந்தப் பொருளை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. ஆனால் அதன் விளம்பரப் பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம்.

உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், அர்த்தமே இல்லாத சொற்களைக்கூட மனிதர்கள் அடிக்கடி பார்க்கப் பார்க்க விரும்பத் தொடங்குவதைக் காட்டினார். பழகிய பெயரை நம்பகமான பெயர் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஒரே விளம்பரம் சலிக்கச் சலிக்கத் திரும்ப வருவது அதற்காகத்தான்.

புதிய பொருள் ஒன்று வந்திருப்பதையும் அதன் பயனையும் தெரிவிக்கும் விளம்பரத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது தேவையான பணி.

மனத்தில் அச்சத்தை விதைத்துவிட்டு, அதற்கு மருந்தையும் விற்பதுதான் என்னை வருத்துகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவான லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவம், 1920-களில், வாய் நாற்றத்தால் திருமணம் கைகூடாமல் நிற்கும் பெண்களைத் தன் விளம்பரங்களில் காட்டித்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. அவற்றைப் படித்த எத்தனை பெண்கள் அன்று தங்கள் மூச்சையே சந்தேகித்திருப்பார்கள்!

நீல உறையைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தேன்.