தேடாமல் எழுதிய உறுதி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வீடு வளவு விலைப்பட்டால் முதலில் தரகர் வருவார், பிறகு அச்சாரம் கைமாறும், பிறகு நல்ல நாள் பார்ப்பார்கள். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஞாபகத்துக்கு வருவது அதற்கெல்லாம் பிறகுதான். “பழைய உறுதி கையில இருக்கு, பேர மாத்தி எழுதினாச் சரி” என்று போய் நிற்பார்கள். எழுதுவது அவருடைய வேலையில் கடைசிப் பகுதி. பணம் கொடுத்து வாங்க வேண்டியது அதற்கு முந்திய பகுதியை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்கக் கையொப்பமிட்டு எழுதப்பட்டால்தான் செல்லும். நொத்தாரிசு, உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கவும் கடமைப்பட்டவர். ஆனால் அந்தக் கடமைக்கு ஒரு கதவு இருக்கிறது: தேடத் தேவையில்லை என்று கட்சிக்காரர் எழுத்தில் கொடுத்தால் அவர் தேடாமலே எழுதலாம். சிலர் இதை உறுதியின் கடைசியில் வரும் அத்தாட்சியில் ஒரு வரியாகச் சேர்ப்பார்கள், சிலர் தனித்தாளில் கையொப்பம் வாங்கி வைப்பார்கள். உங்களிடம் ஏற்கனவே ஓர் உறுதி இருந்தால் கடைசித் தாளை எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்த வரிக்குக் கீழே கையொப்பம் வைத்தது தெரியாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். அவசரமும், தேடுவதற்கான சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கும் ஆசையும்தான் காரணம்.

தேடுவது என்றால் என்ன? காணிக்குரிய ஏட்டைத் திறந்து, குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கி ஒவ்வோர் உறுதியாகப் பார்ப்பது. ஒரு பக்கம் நிரம்பினால் பதிவு வேறொரு தொகுதிக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் பழைய பக்கத்தோடு நிறுத்தினால், பின்னால் பதிந்த ஈடோ (அடமானமோ) வழக்கோ கண்ணில் படாது. பங்கு பிரிப்பு வழக்கு நடக்கிறது என்ற அறிவித்தல் ஏட்டில் இருந்தால், தீர்ப்பு வரும்வரை அந்தக் காணியின் பங்கை வாங்குவது வீண். வங்கி ஈடு தெரிந்தால், கடன் கட்டி முடித்த ரசீது போதாது. ஈடு விடுவிப்பு எழுதிப் பதிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய உறுதியில் சம்மாந்துறைப்பற்று, கரைவாகுப்பற்று, அக்கரைப்பற்றுக் காணிகளெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். எந்தப் பதிவகத்தில் எந்தத் தொகுதி என்று தொடர்பைப் பிடிப்பதே பாதி வேலை. அளவு பாகக் கணக்கில் இருக்கும், வயலென்றால் அவணம், மரைக்கால் விதைப்பு என்றிருக்கும், எல்லைக்கு எப்போதோ செத்துப்போன அயலவரின் பெயர் இருக்கும். சேவையர் இன்று அளந்து போடும் பிளானில் 22 பேர்ச் என்று வந்து, உறுதிக் கணக்கில் 18 பேர்ச்தான் வருகிறதென்றால், வேலி நகர்ந்திருக்கிறது. பிளானால் உரிமை பிறக்காது. அந்த 4 பேர்ச்சுக்கும் சேர்த்து விலை கொடுப்பவர், பக்கத்து வளவுக்காரரோடு வரப்போகும் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

ஆனால் இங்கே அதிகம் பேரைக் கவிழ்ப்பது சீதனம்தான்.

கிழக்கில் வீடு மகளுக்கு. தமிழர், முஸ்லிம்கள் இருபக்கமும் அதுதான் வழக்கம். மூத்தவளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கொள்வார்கள். வாயால் கொடுத்தது, ஊரறியக் கொடுத்தது, “உறுதிய மறுகா எழுதுவம்” என்று விட்டது. தாய் மரணசாதனம் (உயில்) எழுதாமல் மௌத்தானாலோ காலமானாலோ, சட்டத்துக்கு அந்த வீடு இன்னும் தாயுடையது. மட்டக்களப்பின் பழைய வழக்காற்றுச் சட்டமான முக்குவர் வழமை இன்று நடைமுறையில் இல்லை, யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது. பொதுச் சட்டப்படி, கணவனும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் கணவனுக்கு 1/2, ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/6. இருபது வருடம் அந்த வீட்டில் வாழ்ந்து, தரை மாற்றி, மேல்மாடி கட்டிய மகள் விற்கக்கூடியது ஆறில் ஒன்றைத்தான். முஸ்லிம் குடும்பமென்றால் கணக்கு மாறும்: கணவன், ஒரு மகன், இரண்டு மகள்மார் மட்டும் உரித்தாளர் என்றால் கணவனுக்கு 4/16, மகனுக்கு 6/16, மகள்மாருக்கு 3/16 வீதம்.

“பத்து வருசத்துக்கு மேல இருந்தாச் சொந்தம்தானே?” என்று இந்த இடத்தில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் என்று சொல்வது உண்மை. ஆனால் கூட்டுப் பங்காளியாக இருந்தவர் மற்றப் பங்காளிகளின் உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டார் என்று காட்டினால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். அக்காவும் தங்கையும் தீபாவளிக்கு ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டில் அதைக் காட்டுவது லேசில்லை. அரச காணிக்கு எத்தனை வருடம் இருந்தாலும் இந்தச் சட்டம் உதவாது.

சரியான வழி, எல்லா உரித்தாளரையும் விற்பவர்களாக ஒரே உறுதியில் நிறுத்துவது. இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்த பிறகு அவள் விற்பது. இறந்தவரின் சொத்துப் பெறுமதி சட்டம் சொல்லும் எல்லையைத் தாண்டினால், உயில் இல்லாவிட்டாலும், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடிய வேண்டும். பங்காளிகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரர் தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், கையொப்பமிடும் நாளில் அவர் உயிரோடு இருக்கவும் வேண்டும். அவர் இறந்த மறுகணமே அந்தப் பத்திரம் வெறும் தாள்.

உறுதி எழுதிக் கொடுத்த சீதனத்திலும் பார்க்க வேண்டியது ஒன்று: தாய் தகப்பனின் சீவிய உருத்து, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை. அது உறுதியில் இருந்தால், வாங்குபவர் உள்ளே போக முதியவரும் கையொப்பமிட வேண்டும்.

பெர்மிட் காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தில் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் (பெர்மிட்) காணியும் அளிப்புக் காணியும் அம்பாறை மாவட்டம் முழுக்க இருக்கின்றன, கல்லோயாக் குடியேற்றப் பக்கம் சொல்லவே வேண்டாம். பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்றினால் அந்த உறுதி செல்லாது, நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அதனால்தான் சத்தியக்கடதாசியில் ‘விற்பனை’ நடக்கிறது. பத்து இலட்சம் கொடுத்துச் சத்தியக்கடதாசி வாங்கியவரிடம் இருப்பது ஒரு மனிதரின் வாக்கு. அவர் செத்தால் பின்னுரித்தாளர் வந்து நிற்பார். வாங்க முதல் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பெர்மிட் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலை நிரப்பிய வளவென்றால் கமநல அனுமதியைக் கேளுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கட்டுமானத்துக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை பெறாதவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தன் பெயரில் காணி வாங்க முடியாது. தம்பியின் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு தம்பியோடு மல்லுக்கட்டுவது இந்தச் சட்டம் வந்தபின் பழகிப்போன காட்சி.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு, அது பணப் பக்கம். பணம் கிடைத்தது என்று உறுதியில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு “மிச்சம் வரவில்லை” என்று நிரூபிப்பது கஷ்டம். ஆகவே வங்கிக் காசோலையை நொத்தாரிசின் முன்னால் வாங்கி, அதன் இலக்கத்தை அத்தாட்சியில் எழுதுவிக்க வேண்டும். தவணை முறையென்றால் முதலில் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை. வெள்ளைத்தாளில் எழுதிய அச்சார ஒப்பந்தத்தை வைத்து விற்கும்படி யாரையும் வற்புறுத்த முடியாது. இதைவிட மோசமானது, வட்டிக்குக் கடன் கொடுப்பவர் “பாதுகாப்புக்குத்தான்” என்று அறுதி உறுதி (முழு விற்பனை உறுதி) எழுதுவிப்பது. கடனென்றால் ஈட்டு உறுதி எழுதுங்கள். அறுதியில் கையொப்பமிட்டபின், அது உண்மையில் கடன்தான் என்று நீதிமன்றத்தில் காட்டப் பல வருடம் போகும்.

விலையைக் குறைத்து எழுதுவது எல்லோருக்கும் பிடித்த தந்திரம். முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சத்துக்கு 3,000 + 196,000, ஆக 199,000 ரூபா. 20 இலட்சம் என்று எழுதினால் 120,000 ரூபா மிஞ்சும், மாகாண வருமானத் திணைக்களம் பெறுமதி கணித்துக் குறையைக் கேட்காத வரைக்கும். நாளை உரிமை பிழைத்து விற்றவரிடம் விலையைத் திருப்பிக் கேட்டால், உறுதி சொல்லும் விலை 20 இலட்சம்.

கையொப்பம் வைத்த பிறகும் ஓர் இடைவெளி திறந்தே கிடக்கும். நொத்தாரிசு தன் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும். 2ஆம் திகதி எழுதிய உறுதி ஆறு கிழமை வெளியே இருக்கலாம். அதற்குள் அதே காணிக்குப் பின்னால் எழுதிய உறுதியோ ஈடோ முதலில் பதிவானால், 1927ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டப்படி முதலில் பதிந்ததற்கே முன்னுரிமை, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர. எனவே கையொப்பமிடும் நாள் காலையில் ஏட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், உறுதியை அன்றோ மறுநாளோ பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சில கிழமை கழித்து நீங்களே போய் அந்த ஏட்டின் பிரதி ஒன்றை எடுங்கள். கடைசிப் பதிவு உங்கள் பெயராக இருக்க வேண்டும்.