சென்சார் பார் எதையும் உணர்வதில்லை

மார்ச் 1, ஞாயிறு

வேறு எதையோ தேடிப் போய், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் வீ ஸ்போர்ட்ஸ் கட்டுரையில் வந்து நின்றேன். மொத்தம் ஏழு வரி. 2006 நவம்பர் 19 அன்று வட அமெரிக்காவில் நிண்டெண்டோவின் வீ கருவியோடு சேர்ந்து வெளிவந்து, வீடியோ கேம் பக்கமே வராத பெரியவர்களைக்கூட எழுந்து நின்று கையை வீச வைத்த விளையாட்டு அது. டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து ஆட்டங்கள். ஏழு வரி என்பதுகூடப் பரவாயில்லை, எல்லாக் கட்டுரையும் ஒரு காலத்தில் சின்னதாக இருந்ததுதான். ஆனால் அந்த ஏழில் மூன்று வரி தவறு.

ஒன்று, டிவிக்கு மேல் வைக்கும் சென்சார் பார் நம் கையசைவை உணர்ந்து கருவிக்குச் சொல்கிறதாம். இரண்டு, எல்லா நாடுகளிலும் இது கருவியோடு இலவசமாகத் தரப்பட்டதாம். மூன்று, உலகிலேயே அதிகம் விற்ற வீடியோ கேம் இதுதானாம்.

முதல் வரிதான் என்னை உட்கார விடவில்லை. கையை வீசியது கருவிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்த விளையாட்டைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அதையே தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கணக்குத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது, இதுவரை எழுத்துப்பிழை திருத்தியதோடு சரி. இந்தக் கட்டுரையை முழுதாக எடுத்துச் செய்யப் போகிறேன். செய்யச் செய்ய இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

இரவு முழுக்க அந்த ஒரு பத்தியிலேயே போனது.

சென்சார் பார் என்ற பெயரே ஆளைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது. அதற்குள் உணரி எதுவும் கிடையாது. இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளி உமிழும் எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கருவியிலிருந்து அதற்குப் போகும் ஒயர்கூட விளக்கு எரிய மின்சாரம் தருவதற்குத்தான், தகவல் எதுவும் அதன் வழியாக வருவதில்லை. பார்க்கிற கண் நம் கையில் இருக்கும் ரிமோட்டின் முன்முனையில் இருக்கிறது, ஒரு சின்ன அகச்சிவப்புக் கேமரா. இரண்டு முனைகளின் ஒளியும் அதற்கு எங்கே தெரிகிறது, எவ்வளவு இடைவெளியில் தெரிகிறது என்பதை வைத்துத்தான் ரிமோட் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கணக்குப் போடப்படுகிறது. மெனுவில் திரையில் நமக்குப் பதிலாக ஆடும் ‘மீ’ பொம்மையைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பது இதுதான்.

மட்டை வீசுவது வேறு. அதற்கு ரிமோட்டுக்குள் ஒரு முடுக்கமானி இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று அதைவிட நுண்ணிய வில்களில் தொங்குகிறது. ரிமோட்டை வெடுக்கென்று அசைத்தால் அந்த எடை கொஞ்சம் பின்தங்கும், பேருந்து திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வோமே, அதே மாதிரி. அந்த நகர்வால் மின்தேக்குதிறன் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாறும், அந்த மாற்றத்தை மூன்று அச்சுகளிலும் அளந்து, ரிமோட் புளூடூத் வழியாகக் கருவிக்கு அனுப்பிவிடும்.

பேருந்து உவமையை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் வைக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். வைத்தேன். ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கு ஆங்கிலக் கட்டுரை இருக்கிறது, தமிழில் மட்டும் படிக்கிற ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒன்றுதான். ரிமோட்டோடு மாட்டும் வீ மோஷன்பிளஸ் என்ற கருவியின் பெயருக்கு இணைப்புக் கொடுத்தேன், சிவப்பாக வந்தது, அந்தக் கட்டுரையை இன்னும் யாரும் தொடங்கவில்லை. 11:40க்குச் சேமித்தேன்.

மார்ச் 4, புதன்

என் பத்தி போய்விட்டது. காலையில் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால் பழைய வரி மறுபடி அதே இடத்தில் இருக்கிறது, தொகுப்புச் சுருக்கத்தில் மூன்றே சொல்: ‘மேற்கோள் இல்லை, மீளமைப்பு.’ உண்மையாகவே வலித்தது. அந்தத் தவறான வரிக்கும்தான் மேற்கோள் இல்லை, அது இத்தனை நாள் இருக்கலாம், என்னுடையது இரண்டு நாள்கூட இருக்கக் கூடாதா?

மாலையில் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். ‘வணக்கம். பழைய வரி தவறு என்பதால்தான் மாற்றினேன். சென்சார் பாரில் இருப்பவை விளக்குகள் மட்டுமே. தயவுசெய்து மறுபடி பாருங்கள்.’ அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘வணக்கம். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது, படிக்க வருகிறவருக்கும் தெரியாது. நம்பகமான மேற்கோளோடு சேருங்கள், யாராவது நீக்கினால் நானே வந்து பேசுகிறேன். பழைய வரிக்கும் மேற்கோள் தேவை என்று வார்ப்புரு இட்டிருக்கிறேன். தொடர்ந்து எழுதுங்கள், நன்றி.’

அந்தப் பதிலை நாலு தடவை படித்தேன். அவர் கேட்பது நியாயம். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை என்னை எதற்காக நம்ப வேண்டும்?

மார்ச் 6, வெள்ளி

இரண்டு நாளாக மேற்கோள் வேட்டை. இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று, ஒரே வாக்கியத்துக்கு இரண்டு மேற்கோள் வேண்டியிருக்கிறது. ரிமோட்டில் இருக்கும் ஏடிஎக்ஸ்எல்330 சில்லுக்கு அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் தரவுத்தாள் கிடைத்துவிட்டது, மூன்று அச்சிலும் குறைந்தது மூன்று ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு வரை, அளக்கும் என்று தெளிவாக இருக்கிறது, வில்களில் தொங்கும் எடையும் அதில் இருக்கிறது. ஆனால் அது வீ ரிமோட்டைப் பற்றிய தாள் இல்லையே. அந்தச் சில்லு இந்த ரிமோட்டில்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு, ரிமோட்டைப் பிரித்துப் பார்த்து எழுதிய தொழில்நுட்பக் கட்டுரைகளைத் தேடிப் போனேன். 2006 மே மாதம் அந்த நிறுவனம் நிண்டெண்டோவோடு சேர்ந்து வேலை செய்வதாக வெளியிட்ட செய்திக்குறிப்பும் கிடைத்தது. சரி, மூன்று ஆச்சு.

தேடுகிற வழியில் கட்டுரையில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. முடுக்கமானியால் எது முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வீச்சின் முடுக்கமும் புவியீர்ப்பும் அதற்கு ஒன்றாகக் கலந்துதான் தெரியும், கை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் டென்னிஸில் பந்து பறக்கிறது, பந்தை நோக்கி ஓடுவதையும் நம் மீ தானாகவே பார்த்துக்கொள்கிறது, எப்போது வீசுகிறோம், எப்படி வீசுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2009இல், திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்காட்டி வைத்த மோஷன்பிளஸ் என்ற சின்ன இணைப்புக் கருவி வந்தது, வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டும் அதோடு வந்தது. இந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டால், முதல் விளையாட்டு நம் கையை அச்சு அசலாகப் படித்தது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

மார்ச் 8, ஞாயிறு

அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய வீயை எடுத்துத் துடைத்து மாட்டினேன். சென்சார் பாரைப் பிடுங்கியதும் திரையில் இருந்த கைக்குறி காணாமல் போனது. டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு ரிமோட்டை நீட்டினேன். கைக்குறி திரும்ப வந்துவிட்டது! சுடரிலும் அகச்சிவப்பு இருக்கிறது, கேமராவுக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் போதும். கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்பா, அப்போ சென்சார் பார்னா வெறும் விளக்குதானா?”

“ஆமாம்மா.”

“அப்போ இதையே எழுதிடுங்க, எல்லாரும் நம்பிடுவாங்க.”

எழுத முடியாதே. சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே அடிப்படை விதி, நான் என் வீட்டில் கண்ணால் பார்த்ததற்கு அங்கே மதிப்பில்லை, வேறொருவர் சரிபார்த்து வெளியிட்டதற்குத்தான் மதிப்பு. மகளுக்கு அது சரியாகப் படவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் நான் மெழுகுவர்த்தி வைத்து எழுதலாம் என்றால் இன்னொருவர் எதை வேண்டுமானாலும் வைத்து எழுதலாம். அந்த ஏழு வரியில் மூன்று அப்படித்தான் கெட்டது.

அப்புறம் டென்னிஸ் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு இரண்டு மெழுகுவர்த்தியையும் ஊதி அணைத்தோம். இருட்டில் மட்டை வீசினாள், பந்து போனது. முடுக்கமானிக்கு எந்த வெளிச்சமும் தேவையில்லை. இதைக் கட்டுரையில் போட வழியில்லாததால்தான் இங்கே இவ்வளவு எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

பத்தியை நான்கு மேற்கோளோடு மறுபடி சேர்த்தேன். பத்து நிமிடத்தில் அறிவிப்பு வந்தது, அன்று மீளமைத்தவர் நன்றி பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

மார்ச் 11, புதன்

விற்பனை வரி. நிண்டெண்டோ கொடுத்திருக்கும் கணக்கில் வீ ஸ்போர்ட்ஸ் 8 கோடியே 29 லட்சம், வீ கருவி 10 கோடியே 16 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் முதல் எண்ணை மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் பல நாடுகளில் கருவியை வாங்கினாலே விளையாட்டும் கூட வந்தது. ஜப்பானில் அப்படி இல்லை, அங்கே 2006 டிசம்பர் 2 அன்று தனியாகத்தான் விற்பனைக்கு வந்தது. கருவியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று வற்புறுத்தியவர் அப்போது அமெரிக்கப் பிரிவின் தலைவராக இருந்த ரெஜி ஃபிஸ்-எமே. நிண்டெண்டோவின் மூத்த விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோவுக்கு அதில் விருப்பமில்லை என்பதையும் ரெஜியே 2022இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதைச் சேர்த்ததும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முடிவு புரிகிறது.

‘உலகிலேயே அதிகம் விற்ற’ என்பதை எடுத்துவிட்டேன். மைன்கிராஃப்ட் 30 கோடியைத் தாண்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டுவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

தலைப்பை யாரோ ‘வீ இசுபோர்ட்சு’ என்று நகர்த்திவிட்டார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டை, இரண்டு பக்கத்திலும் மொழி மேல் பாசம் உள்ளவர்கள்தான் இருக்கிறார்கள். தேடுகிறவர் ‘ஸ்போர்ட்ஸ்’ என்றுதான் தட்டச்சு செய்வார் என்று பேச்சுப் பக்கத்தில் சொன்னேன், அந்தப் பெயர் இந்தக் கட்டுரைக்கே கொண்டுவந்து விடும் வழிமாற்றாக இருக்கும்வரை எந்தத் தலைப்பும் எனக்குச் சம்மதம் என்றும் சொன்னேன். எனக்கு உறுத்துவது வேறு. ஆங்கிலத்தில் Wii என்ற பெயரில் வரும் இரண்டு ஐ எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆட்கள் மாதிரி இருக்கும், உச்சரித்தால் ‘நாம்’ என்ற பொருள் வரும். தமிழில் ‘வீ’ என்று எழுதும்போது இரண்டும் போய்விடுகின்றன. அதை ஒரு வரியில் விளக்கிச் சேர்த்தேன், அது நிலைத்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

உடல்நலம் பற்றிய பகுதி. ‘நல்ல உடற்பயிற்சி’ என்று எழுதிவிட்டு மேற்கோள் தேடினால் ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பேரை வைத்துச் செய்தது. உட்கார்ந்து ஆடும் கேமைவிட வீ ஸ்போர்ட்ஸில் கூடுதல் ஆற்றல் செலவாகிறது, ஆனால் அதே விளையாட்டை நிஜத்தில் ஆடுவதைவிடக் குறைவு, பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் தினசரி உடற்பயிற்சிக்கு இது ஈடாகாது. அதையே அப்படியே எழுதினேன், பதினொரு பேர்தான் என்பதையும் சேர்த்து. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவரின் கடிதம்: பல மணி நேரம் டென்னிஸ் ஆடிய 29 வயதுக்காரருக்குத் தோள்பட்டைத் தசைநாரில் அழற்சி. மணிக்கட்டுப் பட்டை அறுந்து ரிமோட் பறந்த கதையையும், 2006 டிசம்பரில் 32 லட்சம் பட்டைகளுக்குத் தடித்த பட்டை மாற்றித் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டதையும் இரண்டு வரியில் முடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரமாகக் கட்டுரையைத் தொடவில்லை. இன்று திறந்தால் கணக்கில்லாத யாரோ ‘முடுக்கமாணி’ என்று நான் ஓரிடத்தில் தவறாக அடித்திருந்ததைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேருந்து உவமை அப்படியே இருக்கிறது.

அப்புறம்தான் கவனித்தேன், வீ மோஷன்பிளஸ் இணைப்பு நீலமாகிவிட்டது. சொடுக்கினால் நான்கு வரிக் கட்டுரை, ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள், தொடங்கியவர் அன்று என் பத்தியை மீளமைத்த அதே நண்பர். என் பயனர் பக்கத்தில் ஒரு குறிப்பு விட்டிருக்கிறார்: ‘வணக்கம். சுழல்காட்டி எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.’

அதிர்ந்துகொண்டே இருக்கும் நுண்ணிய எடை, ரிமோட்டைத் திருப்பும்போது பக்கவாட்டில் தள்ளப்படும், அந்தத் தள்ளலை அளந்தால் திருப்பிய வேகம் கிடைக்கும். இதற்குப் பேருந்து உதவாது. சுற்றிக்கொண்டிருக்கும் ராட்டினத்தில் எழுந்து நடுவை நோக்கி நடக்கப் பார்த்தால் கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகுமே, அதை எழுதிப் பார்க்கிறேன். மேற்கோள் இரண்டு கிடைத்திருக்கிறது, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.