ஸ்கோலியோசிஸ் கேஸா? முதலில் வயிற்றில் கோடு இழுத்துப் பாருங்கள்

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) ரிசல்ட் நேற்று வந்துவிட்டது, பாஸ். போன முறை இதே தேர்வில் லாங் கேஸில்தான் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் பகுதி) போனது. அந்த 1 கேஸைப் பற்றி அடுத்து எழுதப் போகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

14 வயதுப் பெண், ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஆடம்ஸ் டெஸ்ட், தோள் உயரம், பிளம்ப் லைன், காப் கோணம் என்று வளைவைப் பார்க்கும் சோதனை, அளவுகளையெல்லாம் மளமளவென்று ஒப்பித்துவிட்டு 'அடலசென்ட் இடியோபதிக்' (வளரிளம் வயதில் காரணம் தெரியாமல் வருவது) என்று முடித்தேன். எக்ஸாமினர் ஒன்றும் பேசாமல் ஒரு சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் வயிற்றில், தொப்புளை நோக்கி லேசாகக் கோடு இழுத்தார். வலது பக்கம் இழுத்தபோது தொப்புள் அந்தப் பக்கமே சட்டென்று நகர்ந்தது. இடது பக்கம் அசையவே இல்லை.

"வளைவு எந்தப் பக்கம் டாக்டர்?"

"இடது தொராசிக் (நெஞ்சுப் பகுதி) சார்," என்றேன்.

"விரல்ல என்ன தழும்பு?"

அம்மாதான் பதில் சொன்னார். "தோசைக்கல்லு சுட்டது சார். கொப்புளம் வந்தப்புறம்தான் அவளுக்கே தெரிஞ்சுது."

சிரிங்கோமைலியா, தண்டுவடத்துக்குள் நீர் நிறைந்த குழி. தொடு உணர்வு இருக்கும், வலியும் சூடும் தெரியாது. இது பாடத்தில் எனக்கு மனப்பாடம். அந்தத் தழும்பை நானும் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை.

இடியோபதிக் என்பது மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகு வைக்கிற பெயர். அதனால் முதுகுக்குப் போவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்:

- இடது தொராசிக் வளைவா? இடியோபதிக் பெரும்பாலும் வலது பக்கம்தான்.
- வயிற்று ரிஃப்ளெக்ஸ் (அந்தச் சாவிக் கோடு சோதனை), இரண்டு பக்கமும். நான் இதை 10 தடவை சொல்வேன்.
- பாதம். கேவஸ் (உள்ளங்கால் வளைவு மிக உயர்ந்திருப்பது) இருந்தால் ஃப்ரீட்ரைக், சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய்கள். 1 காலில் மட்டும் என்றால் தண்டுவடத்தை யோசியுங்கள்.
- கீழ்முதுகின் நடுக்கோட்டில் முடிக்கற்றை, குழி: டெதர்ட் கார்ட் (தண்டுவடம் கீழே ஒட்டி இழுபடுவது).
- காபி நிறத் திட்டுகள் (6 அல்லது அதற்கு மேல்), அக்குளில் புள்ளிகள்: நியூரோஃபைப்ரோமடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வரும் மரபணு நோய்).
- இரவில் எழுப்பும் வலி, வேகமாகக் கூடும் வளைவு: கட்டி.

டூஷேன் (தசைச் சிதைவு நோய்), செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் இயக்கக் குறைபாடு) எல்லாம் பார்த்ததுமே தெரியும், அதில் யாரும் மாட்ட மாட்டார்கள்.

நான் பதற்றக்காரன், வரிசை மாறினால் மறந்துவிடுவேன். அதனால் இந்த முறை வார்டில் எந்த முதுகு கேஸ் வந்தாலும் நரம்புப் பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் டேப்பையே எடுத்தேன். அப்புறம், "எம்.ஆர்.ஐ. எதற்கு?" என்று கேட்பார்கள். சிரிங்ஸ் (தண்டுவடத்தில் அந்த நீர்க்குழி) இருப்பது தெரியாமல் வளைவை நிமிர்த்தினால் தண்டுவடம் பாதிக்கப்படலாம், சியாரி (சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருப்பது) இருந்தால் பெரும்பாலும் முதலில் அதைத்தான் டீகம்ப்ரெஸ் செய்வார்கள், அதாவது அழுத்தத்தைக் குறைக்க அறுவை செய்வார்கள். எம்.ஆர்.ஐ. கேட்கும்போது 'ஹோல் ஸ்பைன், கிரேனியோவெர்டிப்ரல் ஜங்ஷனோடு' (முழு முதுகுத்தண்டும், தலையும் கழுத்தும் சேருமிடமும்) என்று சொல்லுங்கள். நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் எடுத்தால் சியாரி படத்திலேயே வராது.