13 மேட்ச் ஜெயிச்சும் இடம் இல்லை

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல (நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம்) சாம்பியன் யாருன்னு ரொம்ப வருஷம் ஓட்டு போட்டுத்தான் முடிவு பண்ணாங்க, பத்திரிகைக்காரங்க ஒரு லிஸ்ட், கோச்சுங்க ஒரு லிஸ்ட், ரெண்டு லிஸ்டும் ஒத்துப்போகாம 2003 சீசன்ல எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) டீமும் சாம்பியன், யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) டீமும் சாம்பியன். அப்புறம் 2014ல 13 பேர் கமிட்டி உக்காந்து நாலு டீமை எடுத்து, அவங்களுக்குள்ள மோதி சாம்பியன் ஆகட்டும்னு ப்ளேஆஃப் வச்சாங்க.

ஆனா 2023ல ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமுக்கு நடந்தது அநியாயம்ங்க, இன்னும் மனசு ஆறல. 13க்கு 13 ஜெயிச்ச டீம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு டீமோட ஆட்டத்தை நடத்துறவர்) ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பர்ல கால்ல பலமா அடி, அவருக்கு பதிலா வந்த பையனும் ஆட முடியாம போக, மூணாவது ஆளா ஒரு முதல் வருஷப் பையனை இறக்கி அவங்க லீக்கான ஏசிசியோட ஃபைனல்ல லூயிவில் டீமை 16-6னு ஜெயிச்சாங்க, முழுக்க டிஃபென்ஸ் புள்ளைங்க உழைப்பு அது. கமிட்டி என்ன பண்ணுச்சு, டிராவிஸ் இல்லாத டீம் வேற டீம்னு சொல்லி அஞ்சாவது இடத்துல வச்சுட்டு, ஒரு மேட்ச் தோத்த அலபாமாவ நாலாவதா உள்ள எடுத்துருச்சு. என் கால் முன்னாடியே உடைஞ்சிருந்தா இந்த டீமோட பலம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு டிராவிஸ் எழுதுனத படிச்சப்போ கண்ணு கலங்கிருச்சு.

அடுத்த வருஷமே ப்ளேஆஃப்ப 12 டீம் ஆக்குனாங்க. தோக்காத டீமை வெளிய நிறுத்த எந்தக் கமிட்டிக்கும் உரிமை கிடையாது, அவ்ளோதான்.