நாலு பாடமும் கட்டாயம்: ஐசர் முதலாண்டுக்குப் போகும் முன்

ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த முதல் எண்ணம் "ஐயோ, பயாலஜி" என்பதுதான். பிளஸ் டூவில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். ஐசரிலோ, பின்னால் எந்தத் துறைக்குப் போனாலும் சரி, தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நாலையும் படித்தே ஆக வேண்டும். நுழைவுத் தேர்வும் அதே கணக்கில்தான் இருக்கும்: பாடத்துக்கு 15 கேள்வி, மொத்தம் 60, மூன்று மணி நேரம். உயிரியலில் உறுதியாகத் தெரிந்த நாலைந்தை மட்டும் தொட்டு, மற்ற மூன்று பாடங்களின் பலத்தில் உள்ளே வந்திருந்தேன்.

அதனால் வகுப்பு தொடங்குவதற்கு முன் கிடைத்த இரண்டு மாதத்தையும் உயிரியலுக்கே கொடுத்தேன். கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அதுதான் நமக்கு வருமே என்ற தைரியம். முதல் மிட் செம் (பருவத்தின் நடுவில் வரும் தேர்வு) முடிந்து விடைத்தாள் வந்தபோது உயிரியலில் நடுவில் இருந்தேன். கணிதத்தில் முப்பதுக்கு ஒன்பது.

அந்தத் தாளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கிட்டு விடை கண்டுபிடிக்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் "நிறுவுக". பள்ளியில் நாம் பழகியது வகையிடுவது, தொகையிடுவது, சமன்பாட்டைத் தீர்ப்பது. இங்கே கேட்பது "ஏன் அப்படி" என்று. உதாரணமாக 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்வரிசை பூச்சியத்தை நெருங்குகிறது என்று நிறுவ வேண்டும். பார்த்தாலே தெரிகிறதே என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. இதை நான் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல நினைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. எதிரே இருப்பவர் எவ்வளவு சிறிய இடைவெளியை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் 0.001 என்றால், 1001-ஆவது உறுப்பிலிருந்து எல்லாமே அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன என்று நான் காட்ட வேண்டும். இன்னும் சிறிதாகச் சொன்னால் இன்னும் தள்ளிப் போய்க் காட்ட வேண்டும். எதைச் சொன்னாலும் காட்ட முடியும் என்பதை எழுதினால் அதுதான் நிரூபணம்.

இதற்கு அடிப்படை மொழிதான். "எல்லாக் காகமும் கருப்பு" என்பதன் மறுப்பு என்ன? "எந்தக் காகமும் கருப்பில்லை" என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். "கருப்பில்லாத காகம் ஒன்றாவது இருக்கிறது" என்பதுதான் சரி. சேருவதற்கு முன்னால் உள்ள வாரங்களில் தினமும் அரை மணி நேரம், இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பது போன்ற ஒரு சிறிய நிரூபணத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முழு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

உயிரியலுக்கு வருவோம். அதைப் படிக்காமல் வருகிறவர்களுக்கு இரண்டு பயம்: சொற்கள், மனப்பாடம். சொற்களுக்கு, தமிழ் வழியில் படித்தவர்கள் கையில் நல்ல கருவி இருக்கிறது. ஹைட்ராலிசிஸ் என்பதற்கு நம் பாடநூலில் நீராற்பகுப்பு, எலக்ட்ராலிசிஸ் என்பதற்கு மின்னாற்பகுப்பு. ஆக, 'லிசிஸ்' வந்தால் எதையோ பகுக்கிறார்கள். அடுத்து கிளைக்காலிசிஸ் வந்தபோது, குளுக்கோஸை உடைப்பது என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதி வந்தேன். ஆங்கிலத்திலேயே படித்த என் அறைத்தோழன்கூட அதைக் கேட்டு வாங்கிப் படித்தான்.

மனப்பாட பயம் அநேகமாகத் தேவையில்லாதது. எங்களுக்கு வந்த ஒரு கேள்வி, டி.என்.ஏ. எப்படி நகலாகிறது என்று பார்க்க மெசல்சன், ஸ்டால் என்ற விஞ்ஞானிகள் செய்து 1958-ல் வெளியிட்ட சோதனையிலிருந்து எடுத்தது. பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜனில் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றுகிறார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் டி.என்.ஏ. முழுவதும் நடுத்தர எடை. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுத்தரம், பாதி லேசு. மூன்றாம் தலைமுறையில் என்ன தெரியும் என்பது கேள்வி. ஒவ்வொரு இழையும் பிரிந்து புது இழையோடு சேருகிறது என்று படம் போட்டுப் பார்த்தால் போதும், கால் பங்கு நடுத்தரம், முக்கால் பங்கு லேசு என்று வந்துவிடும். கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டிய பாடம் இது. இத்தனை வருடம் தள்ளி வைத்திருந்தோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நாலு பாடத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றைத்தான் தயார் செய்ய முடியும் என்றால் மடக்கையை (லாகரிதம்) படியுங்கள் என்பேன். வேதியியலில் பி.எச். (அமிலத்தன்மையை மடக்கையில் சொல்லும் அளவு) 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஏனென்றால் 2-இன் மடக்கை 0.301. உயிரியலில் ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் 30 முறை. பத்து முறை இரட்டித்தால் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு என்பதை நினைவில் வைத்தால், 30 முறைக்கு நூறு கோடி என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்லிவிடலாம். கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 இதையே தலைகீழாகச் செய்கிறது: 5,730 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். வேறு வேறு ஆசிரியர்கள் நடத்தினாலும் கணக்கு ஒன்றுதான். இது கையில் இருந்தால் பாதி டியூட்டோரியல் (பயிற்சி வகுப்பு) தாள்கள் லேசாகிவிடும்.

அப்புறம் லேப். ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசல் ஒருமுறை ஆடி வர சுமார் 2 வினாடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் நம் கை 0.2 வினாடி தப்பும் என்று வையுங்கள். ஓர் அலைவை மட்டும் அளந்தால் பத்து சதவீதம் பிழை. 20 அலைவை அளந்து வகுத்தால் அது அரை சதவீதமாகும். புவியீர்ப்பு முடுக்கத்தில் காலம் இருபடியாக வருவதால் அங்கே ஒரு சதவீதம். நீளத்தைக் குண்டின் மேல்முனை வரை மட்டும் அளந்து, 1 செ.மீ. ஆரத்தைச் சேர்க்க மறந்ததில் எனக்கு இன்னொரு சதவீதம் போனது. 9.8-க்குப் பதில் 9.7 என்று வந்ததும் "கருவி சரியில்லை" என்று எழுதினேன். டி.ஏ. (ஆசிரியருக்கு உதவும் மூத்த மாணவர்) அந்த வரியை வட்டமிட்டு, "எந்த அளவீட்டில், எவ்வளவு?" என்று கேட்டிருந்தார். அதன்பின் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், எந்த அளவீடு அதிகம் கெடுக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கருவியைத் தொடுவேன்.

வேதியியலுக்குத் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. மோல் கணக்கும் கரிம வேதியியலில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதும் தெளிவாக இருந்தால் சமாளிக்கலாம்.

டியூட்டோரியலில் ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று வாயை மூடி உட்காராதீர்கள். நான் முதல் மாதம் அப்படித்தான் இருந்தேன், இழப்பு எனக்குத்தான். சந்தேகத்தைத் தாளில் எழுதி எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டி கட்டும்போது பதினொன்றாம் வகுப்பின் நாலு பாடப் புத்தகங்களையும் மறக்காமல் வையுங்கள். படிக்காத பாடத்தின் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதிப் படிக்க அச்சுப் புத்தகம்தான் வசதி. நான் எடுக்காமல் போய், செப்டம்பரில் அம்மாவிடம் சொல்லி பார்சலில் வரவழைத்தேன்.