அமெரிக்க வரலாற்றுத் தாள்: ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கை வைத்துப் படித்த கதை

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாளை முதல் தடவை எழுதியபோது, வர்ஜீனியாவின் வாரிசுரிமை பற்றிய கேள்வியில் எனக்கு மதிப்பெண் போனது. காரணம் ஒரே ஒரு சொல். 'டவர்' (dower) என்றால் வரதட்சணை என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். வரதட்சணை பெண் வீட்டார் கொடுப்பது. டவர் என்பது கணவன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, அவன் இறந்தபின் விதவை தன் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை. அதை அவர் யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அவர் காலத்துக்குப் பின் கணவனின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும்.

அடுத்த தடவை சட்டங்களை மனப்பாடம் செய்வதை விட்டேன். ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்ன போனது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

1743-இல் அப்பா இறந்தபோது ஜார்ஜுக்கு 11 வயது. பின்னாளில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணை ஆன நிலம் மூத்தாள் மகன் லாரன்ஸுக்குப் போனது. ஜார்ஜுக்கு ஒரு பண்ணையும், அடிமைப்படுத்தப்பட்ட 10 பேரும். 1705-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளை நிலம்போன்ற அசையாச் சொத்து என்று சொன்னதை இங்கே சேர்த்துப் படித்தால் மறக்காது.

அப்புறம் வாஷிங்டனின் மனைவி மார்த்தா. அவருடைய முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். டவர் பங்காக மார்த்தாவுக்கு அடிமைப்படுத்தப்பட்ட 84 பேர் வந்தார்கள். 1759-இல் வாஷிங்டனை மணந்தபோது அவர்கள் இவர் நிர்வாகத்துக்கு வந்தார்கள், இவருக்குச் சொந்தமாகவில்லை.

1799-இல் வாஷிங்டன் தன் கையால் எழுதிய பட்டியல் இருக்கிறது. மவுண்ட் வெர்னானில் அடிமைப்படுத்தப்பட்ட 317 பேர். அவருக்குச் சொந்தமானவர்கள் 123, டவர் பங்கு 153, மீதிப் பேர் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். 84 எப்படி 153 ஆனது? 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை தாயின் நிலையையே அடையும். தாய் யாருடைய சொத்தோ, பிள்ளையும் அவருடைய சொத்து. தச்சர் ஐசக் வாஷிங்டனுக்குச் சொந்தம், மனைவி கிட்டி டவர் பங்கு. அதனால் அவர்களுடைய மகள்களும் டவர் பங்கு. இதைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

அதே ஆண்டு எழுதிய உயிலில், மார்த்தாவின் மரணத்துக்குப் பின் தன்னுடையவர்களை விடுவிக்கச் சொன்னார் வாஷிங்டன். மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி 1-இல் விடுவித்தார். ஐசக் விடுதலையானார். கிட்டியையும் மகள்களையும் விடுவிக்கச் சட்டப்படி வாஷிங்டன், மார்த்தா இருவருக்குமே உரிமை இல்லை. 1802-இல் மார்த்தா இறந்ததும் டவர் பங்கினர் கஸ்டிஸ் வழிப் பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பிரிக்கப்பட்டார்கள்.

ஒரே குடும்பத்தில் மூன்று சட்டங்கள் வந்துவிட்டன பாருங்கள். இதோடு, நிலத்தைப் பிரிக்காமல் வாரிசு வரிசையில் கட்டிவைக்கும் முறை 1776-இலும், மூத்த மகனுக்கே எல்லாம் என்ற முறை 1785-இலும் வர்ஜீனியாவில் ஒழிந்ததைச் சேர்த்தால் போதும். இரண்டுக்கும் முன்னின்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன். இதைச் 'சமத்துவம் வந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தபோது, பிரிக்கப்பட்ட சொத்தில் மனிதர்களும் இருந்தார்கள். கடன் இருந்தால் இன்னும் மோசம். ஜெஃபர்சன் கடனோடு இறந்ததால், 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அடிமைப்படுத்தப்பட்ட ஏறக்குறைய 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள்.

உயிலும் 1799 பட்டியலும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டியலைத் திறந்ததும் கூட்டுத்தொகைக்குப் போகாதீர்கள். வாஷிங்டனுடையவர்கள் ஒரு பக்கமும் டவர் பங்கினர் ஒரு பக்கமுமாகப் பிரித்திருக்கும். முதலில் ஐசக்கின் பெயரைத் தேடுங்கள், பிறகு கிட்டியின் பெயரை.