எங்கட ஊரிலயும் சேர்ந்து நிக்கவேணும்

2024 ஆகஸ்ட்டில இங்கிலாந்தில தீவிர வலதுசாரிக் கும்பல்கள் பள்ளிவாசல்களையும் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல்களையும் தாக்கினபோது, லண்டனில இருக்கிற எங்கட சித்தி பயத்தில பிள்ளையளை வெளியில விடேல்லை. ஆகஸ்ட் 7 இரவு லண்டன் வோல்தம்ஸ்டோவில அந்தக் கும்பல்களுக்கு எதிரா ஆயிரக்கணக்கில சனம் தெருவை நிறைச்சு நிண்டது. தாக்க வருவம் எண்டவங்கள் வரவே இல்லை. அண்டைக்குத்தான் சித்தி நிம்மதியாப் படுத்தவ.

அதே நியாயம் இங்கயும் வேணும். "முஸ்லிம் கடையில சாமான் வாங்காதேங்கோ" எண்டு வட்சப்பில வாறதும் அந்த வெறுப்புத்தான். 1990 ஒக்டோபர் 30, ரெண்டு மணித்தியால அவகாசத்தில யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினவை. சோனகத் தெருப் பக்கம் போய்ப் பாருங்கோ, கூரையில்லாத சில வீடுகளுக்குள்ள மரம் வளர்ந்து நிக்குது. திரும்பி வந்த சனத்துக்கு இன்னும் காணி, வீட்டுப் பிரச்சினை தீரேல்லை.

சேர்ந்து நிக்கிறது எங்களுக்குப் புதிசில்லை. தேத்தண்ணிக் கடையில ஒடுக்கப்பட்ட ஆக்களுக்குப் போத்தலில ஊத்திக் குடுத்த காலத்தில, 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில தீண்டாமைக்கு எதிராத் தொடங்கின ஊர்வலம் பொலிஸ் அடிச்சும் நிக்கேல்லை. சாதி இன்னும் கிடக்குது, அதையும் கதைக்கத்தான் வேணும்.

வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கட சனசமூக நிலையத்தில கூடுறம். சோனகத் தெருவில இருந்தும் ஆக்கள் வருகினம். பெடியள், பெட்டையள், அம்மாமார் எல்லாரும் வாங்கோ. முதல் வேலை, இப்பிடியான வெறுப்புச் செய்தி வந்தா ஆர் ஆருக்கு உடன அறிவிக்கிறது எண்டு தீர்மானிக்கிறது.